சிவக்காத கம்பி

பாளையங்கோட்டையில் மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய டிவிடி பிளேயர் ஒன்று அகப்பட்டது. தட்டைப் படிக்கவில்லை, ஆனால் முகப்பில் அந்த நீலப்பச்சை எழுத்துகள் இன்னும் பளிச்சென்று எரிந்தன. காயலான் கடைக்குப் போக இருந்ததைத் தடுத்து, டிஸ்பிளேயை மட்டும் கழற்றிக்கொண்டேன். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓடுகிற மாதிரி ஒரு கடிகாரம் செய்ய ஆசை.

இது எல்இடி இல்லை, வால்வு, அதாவது காற்றை எடுத்துவிட்ட கண்ணாடிக் கூட்டுக்குள் வேலை செய்கிற சாதனம். தாத்தா இலங்கை வானொலி கேட்ட ரேடியோவுக்குள் இருந்த அதே சங்கதிதான். சூடான கம்பி எலக்ட்ரான்களைக் கக்கும், நடுவில் உள்ள கிரிட் என்ற வலை வழிவிட்டால் அவை ஆனோடு என்ற தகட்டில் போய் விழும், அங்கே துத்தநாக ஆக்சைடு பூச்சு இருப்பதால் விழுந்த இடம் ஒளிரும். எல்லாம் நெருக்கமாக அமைந்திருப்பதால் ரேடியோவைப் போல நூற்றுக்கணக்கில் வோல்ட் வேண்டாம், 24 போதும்.

அந்த 24-ஐ எப்படி உண்டாக்குவது என்றுதான் முதலில் மலைத்தேன். அது ஒன்றுமே இல்லை. எம்டி3608 ஐசி போட்ட குட்டி பூஸ்ட் போர்டு ஒன்று, வோல்ட்டை ஏற்றிக் கொடுப்பது, 28 வோல்ட் வரை தரும். டிஸ்பிளேயைச் சேர்க்காமல் மீட்டரை வைத்து, போர்டில் உள்ள திருகை 24-க்குத் திருகிக்கொள்ளுங்கள். (பத்து சுற்று திருகியும் அசையாது, போர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், இன்னும் சுற்றுங்கள்.)

என்னைப் படுத்தியது கம்பிதான். தலைமயிரை விட மெல்லிசு, எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஜங்ஷன் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஏலே, ராத்திரி லைட்ட அணைச்சிட்டுப் பாரு. கம்பி செவந்துச்சுன்னா கூடிப்போச்சுன்னு அர்த்தம், ஆயுசு போயிரும்" என்றார். அப்படியே இருட்டில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, லேசாகச் சிவப்புத் தட்டியதும் கீழே இறக்கினேன். 2.8 வோல்ட், கிட்டத்தட்ட 100 மில்லிஆம்ப்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் இடதுபக்க எண்கள் பிரகாசம், வலதுபக்கம் மங்கல். ஒரு நாள் முழுக்க டிஸ்பிளேதான் பழசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் வேறு. கம்பிக்கு ஒரே திசையில் ஓடும் டிசி கரண்ட் கொடுத்திருந்தேன், அதனால் இடது முனை பூஜ்யத்தில் இருக்க வலது முனை ஏற்கெனவே 2.8-இல் நிற்கிறது, அங்கே ஆனோடு இழுப்பது 24 இல்லை, 21 சொச்சம்தான். வெளிச்சமோ வோல்ட் குறைவதை விட வேகமாகக் குறையும். பொம்மைக் கார் மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டுகிற எல்9110 போர்டை வாங்கி, கம்பியை அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரோடு தொடராக மாட்டி, ஆர்டுயினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை விட்டு நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாற்ற வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. அந்த வேகத்தில் என் மலிவு மீட்டர் சொன்ன வோல்ட்டை நம்ப முடியவில்லை, அதனால் மறுபடியும் இருட்டும் கண்ணும்தான்.

இன்னொரு தப்பும் செய்தேன். கையில் கிடந்த யுஎல்என்2803 ஐசியை வைத்து எண்களை ஏற்றி அணைக்கப் பார்த்தேன், அது தரைப்பக்கம், அதாவது பூஜ்ய வோல்ட் பக்கம் இழுக்கிற ஐசி, இங்கே வேண்டியது மேலிருந்து 24-ஐத் தள்ளுகிற யுடிஎன்2981. அதை மாட்டிய பிறகும் அணைந்த எண்கள் பேய் மாதிரி மங்கலாகத் தெரிந்தன, ஒவ்வொரு கிரிட்டையும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்குக் கட்டியதும் போய்விட்டன.

மொத்தமாக 200 மில்லிஆம்பைச் சுற்றித்தான் இழுக்கிறது. போன வாரம் கரண்ட் போன ராத்திரி பவர் பேங்க்கில் மாட்டி மாமா வீட்டு அடுக்களையில் வைத்தேன். அத்தை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏலே, இது நம்ம டிவிடில உள்ளதுல்லா?" என்றாள். மூலையில் அந்த வட்டத் தட்டுப் படமும் சேர்ந்து எரிந்துகொண்டிருந்தது, அதை அணைக்கும் பின்னை (டிஸ்பிளேயின் இணைப்புக் காலை) இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.