பனி நிலத்தில் பண்ணை: முதலில் தண்ணீர்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் சிறு பண்ணை ஒன்றை அமைக்க நானும் என் கணவரும் திட்டமிட்டு வருகிறோம். எத்தனை மாடுகள் வாங்கப் போகிறீர்கள் என்றே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஜனவரியில் அவை எதைக் குடிக்கும் என்பதே எங்களுடைய முதல் கேள்வி.

மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் குளிரில் மண்ணும் ஆழமாக உறைவதால், தண்ணீர்க் குழாயைச் சுமார் 8 அடி ஆழத்தில் பதிக்க வேண்டும். அதையும் நிலம் இறுகுவதற்கு முன்பே தோண்டி முடித்தாக வேண்டும். தண்ணீர் குறைந்தால் பசு தீனியைக் குறைத்துவிடும். வயிற்றில் புல் நொதிக்கும்போது எழும் சூடுதான் அதன் கணப்பு என்பதால், உறைந்த தொட்டி பசுவைத் தாகத்தோடு குளிரிலும் வாட்டும்.

அடுத்தது உலர்புல். 600 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்கு 12 முதல் 15 கிலோ வரை தின்னும். மேய்ச்சல் இல்லாத ஏழு மாதங்களுக்கு, சேதாரத்தையும் சேர்த்தால், பசு ஒன்றுக்கு 3 டன்னுக்குக் குறையாமல் வேண்டும். எங்கள் கையிருப்புக்கு இரண்டு பசுக்களே சரி.

உலர்ந்த, அடர்ந்த ரோமமுள்ள பசு மைனஸ் 8 டிகிரி வரை கூடுதல் தீனியின்றித் தாங்கும். அந்த ரோமம் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே அதற்குக் குளிரெடுக்கும். ஆகவே சூடேற்றிய தொழுவத்தைவிட, தெற்கு நோக்கித் திறந்த கொட்டகையும் காய்ந்த கோதுமை வைக்கோல் படுக்கையும் காற்றுத் தடுப்பும் முக்கியம். இந்த மாகாணத்தின் இந்தியன் ஹெட் ஊரிலிருந்த நாற்றுப்பண்ணை, இத்தகைய காற்றுத் தடுப்புக்காகவே 1901 முதல் 2013 வரை விவசாயிகளுக்கு மரக்கன்றுகளை வழங்கியது. நாங்கள் பார்த்து வைத்திருக்கும் நிலத்தின் வடமேற்கு எல்லையிலும் முள்ளும் கிளையும் பின்னிக்கிடக்கும் பழைய கரகானா புதர்வேலி ஒன்று நிற்கிறது. விலையைவிட அதுவே என்னை அந்த நிலத்தின் பக்கம் இழுக்கிறது.

கோழிகளில், கியூபெக்கின் ஓக்கா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் 1908இல் உருவாக்கத் தொடங்கிய சாந்தெக்ளேர் இனத்தைத் தேர்ந்திருக்கிறோம். கொண்டை மிகச் சிறியது என்பதால் எளிதில் உறைந்து கருகாது. ஆனாலும் குளிருக்கு அஞ்சிக் கூண்டை இறுக மூடிவிடக் கூடாது. எச்சத்திலிருந்தும் மூச்சிலிருந்தும் வரும் ஈரம் தங்கினால் கொண்டை விரைவில் கருகும். காலையில் கூண்டின் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்திருந்தால், கூரையருகே காற்றுவழி போதவில்லை என்று பொருள்.

செம்மறிகளை அடுத்த ஆண்டுதான் வாங்குவோம். அவற்றின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள். குட்டிகள் மே மாதப் பசும்புல்லில் பிறக்க வேண்டுமானால், கிடாவை டிசம்பர் நடுப்பகுதி வரை தனியே கட்டிவைக்க ஓர் அடைப்பும் இப்போதே வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.