எங்க ஊரைக் கேட்காமலே எல்லை போடுறாங்க

2025 புத்தாண்டை ஒட்டி வந்த தமிழக அரசின் அறிவிப்பு நினைவிருக்கும்: 149 ஊராட்சிகளை 16 மாநகராட்சிகளோடு சேர்ப்பது. அந்தப் பட்டியலில் எங்கள் ஊரும் இருக்கிறது. சேர்த்தால் என்ன, ரோடு வரும், பாதாள சாக்கடை வரும் என்கிறார்கள் டவுன்காரர்கள். சரி, வரட்டும். ஆனால் ஊராட்சி என்றால் எங்களுக்கென்று ஒரு தலைவர், தெருவுக்கு ஒரு வார்டு உறுப்பினர், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நேரே வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். நாளைக்கு நான்கு ஊரைச் சேர்த்து மாநகராட்சியில் ஒரே வார்டு ஆக்கிவிட்டால், ஓட்டு அதிகமுள்ள பக்கத்து நகர்க் குடியிருப்புக்காரர்தான் கவுன்சிலர், எங்கள் காலனி கடைசி மூலை.

கிராம சபையும் போய்விடும். நகரத்தில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை இருக்கிறதே என்பார்கள், கிராம சபைத் தீர்மானத்துக்கு உள்ள கனம் அதற்கு ஏது? ஊர் மாநகராட்சியோடு சேர்ந்தால் எங்கள் வேலை என்னாகும் என்று நூறு நாள் வேலையை நம்பியிருக்கும் அம்மாக்கள் கேட்கிற கேள்விக்கு ஒரு அதிகாரியும் பதில் சொல்லவில்லை. சொத்து வரியைப் பற்றி மட்டும் தெளிவாகப் பேசுகிறார்கள்!

வாக்காளர் பட்டியலையும் வரைபடத்தையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், கிராம சபையைக் கூட்டிக் கேளுங்கள், அதற்குப் பிறகு கோடு போடுங்கள். ஆட்சேபணை மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு காலை மாரியம்மன் கோயில் திடலுக்கு வாங்க, வாக்காளர் அட்டை நகலோடு.