வடிகாலில் போகும் யூரியா

பக்கத்து வயல் பெரியப்பா காலையில் யூரியா தூவினார். மதியத்துக்குள் அது மடை வழியாக வடிகாலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

வடிகாலில் ஆகாயத்தாமரை கரும்பச்சையாய்க் கொழுத்துக் கிடக்கிறது. அவருடைய நெற்பயிரோ வெளிர்பச்சை.

"மடையை அடைக்கலாமே பெரியப்பா?"

"ஆற்றில் முறைத் தண்ணீர் வந்திருக்கிறது தம்பி. வருகிறபோது பாய்ச்சிக்கொண்டால்தான் உண்டு."

அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. டெல்டாவில் அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் வயலில் நீர்மட்டம் பார்க்க ஒரு அடி நீளப் பிவிசி குழாய் புதைத்திருக்கிறோம். மண்ணுக்குள் இருக்கும் பாகம் முழுக்கத் துளைகள், உள்ளே இருந்த மண்ணை வழித்து எடுத்தாயிற்று. குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகே மறுபடி தண்ணீர். பூக்கும் பருவத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது 5 செ.மீ. நிற்க வேண்டும். உரம் போடுவதானால், தேங்கிய நீரை முன்பே வற்றவிட்டு, போட்டபின் அளவாகப் பாய்ச்சி, மடையைச் சில நாள் இறுக அடைத்து வைக்கிறோம்.

மானியத்தில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. முழு விலை கொடுத்து வாங்கியிருந்தால், பெரியப்பாவே மண்வெட்டியோடு ஓடியிருப்பார்.