பூங்காவில் ஒரு மரமும் ஓர் இருக்கையும்: ஆலோசனைக் குழுவின் முன் எங்கள் அனுபவம்

கலிபோர்னியாவில் நாங்கள் வாழும் சிறு நகரத்தின் பூங்காவில், வார இறுதிகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து மறைந்த ஆசிரியை ஒருவரின் நினைவாக ஒரு மரம் நட்டு, அதனருகே ஓர் இருக்கை அமைக்க நண்பர்கள் சிலர் விரும்பினோம். பணம் எளிதில் சேர்ந்துவிட்டது. அனுமதிக்கோ நகர மன்றம் நியமித்த பூங்கா அழகுபடுத்தல் ஆலோசனைக் குழுவின் முன் செல்ல வேண்டியிருந்தது. ஊதியமின்றிப் பணியாற்றும் நகரவாசிகளான அதன் உறுப்பினர்கள் பரிந்துரைதான் செய்யலாம், முடிவு மன்றத்தினுடையது.

உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் பொதுமக்கள் அறிய நடக்க வேண்டும் என்னும் கலிபோர்னியாவின் 1953ஆம் ஆண்டு பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுவில் ஒட்டவேண்டும். நிரலில் இல்லாத பொருளில் பொதுவாக முடிவெடுக்க இயலாது. பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே ஒரு பொருளைக் கலந்து பேசுவதும், ஒருவர் கருத்தை இன்னொருவரிடம் தூதாகக் கொண்டுசென்று உடன்பாடு காண்பதும் கூடாது என்பதால், ஆள் பிடித்துக் காரியம் முடிக்கும் சாமர்த்தியத்துக்கு இங்கே வேலையில்லை.

ஆசிரியையைப் பற்றி நிறையப் பேச ஆயத்தமாகச் சென்றோம். கேள்விகளோ பெரும்பாலும் வேரையும் நீரையும் பற்றியே வந்தன. நாங்கள் கேட்டது வேம்பு. எங்கள் பகுதியின் குளிர்கால உறைபனியை வேப்பங்கன்று தாங்காது என்று கூறிய உறுப்பினர் ஒருவர், இம்மண்ணுக்கே உரிய பள்ளத்தாக்கு ஓக் மரத்தைப் பரிந்துரைத்தார். அது வேரூன்றிய பிறகு கோடையில் அடிமரத்தருகே நீர் தேங்கினால் வேரழுகல் வரக்கூடும் என்பதால், தெளிப்பான்கள் இயங்கும் புல்வெளியிலிருந்து நடைபாதையோரத்துக்கு இடம் மாற்றப்பட்டது. இளமரத்துக்கு முதல் சில கோடைகளில் நீரூற்றுவது யார் என்பதையும் எழுத்தில் தரச் சொன்னார்கள். இருக்கையின் பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க 30 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் கொண்ட சமதளம் வேண்டும் என்பதால் வரைபடத்தைத் திருத்தினோம்.

அதிக நேரம் பிடித்தது கல்வெட்டு வாசகம். பெயருக்கு மேல் ஓங்காரம் பொறிக்க எண்ணியிருந்தோம். குழு அதை ஏற்கவில்லை. யூட்டா மாநிலத்தின் பிளசன்ட் குரோவ் நகரம் தொடர்பான வழக்கில், பொதுப் பூங்காவில் நிலையாக நிறுவப்படும் நினைவுச்சின்னம் தனியார் நன்கொடையாக வந்ததாயினும் அது அரசின் கூற்றாகவே கருதப்படும் என 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லில் நாம் எழுதுவது நகரத்தின் கூற்றாகிவிடும்போது, சமயக் குறியீட்டில் நகரம் தயங்குவது எனக்கு நியாயமாகவே பட்டது. நண்பர்களில் சிலருக்கு அப்படிப் படவில்லை. அந்த விவாதம் கூட்டம் முடிந்து வாகன நிறுத்துமிடம் வரை நீண்டது. இறுதியில் பெயரும் ஆண்டுகளும், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரியும் ஏற்கப்பட்டன. பத்தாண்டுக்குப் பின் இருக்கை பழுதானால் நகரம் அதை அகற்றலாம் என்ற ஒப்பந்தப் பிரிவு சற்று உறுத்தினாலும் கையெழுத்திட்டோம்.

நகர மன்றத்தில் பேச்சே எழவில்லை; வேறு பல பொருள்களோடு ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறியது. குழி தோண்டுமுன் 811 என்ற தொலைபேசி எண்ணுக்குத் தகவல் தந்து, நிலத்தடி எரிவாயு, மின் தடங்களைக் குறியிடச் செய்யவேண்டும். விண்ணப்பிக்க விரும்புவோர் வசந்தத்திலேயே தொடங்கினால், நடவு நவம்பர் மழையை ஒட்டி அமையும்.