மச்சில் கிடந்த நாலு வீல்

அந்தப் பையன் வந்தபோது கையில் கார் சாவியோடு ஒரு தடித்த ஃபைலும் இருந்தது. உள்ளே ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையிலும் ஒரு பில். அலாய் வீலும் டயரும் 78,000. மியூசிக் சிஸ்டம், ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் வூஃபர் எல்லாம் சேர்த்து 64,000. இன்ஜின் ரீமேப், அதாவது இழுவை கூட இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியது, 25,000. வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் 22,000. புரொஜெக்டர் ஹெட்லைட் 20,000. சைலன்சர் 18,000. சீட் கவர் 8,000. கடைசித் தாளில் எல்லாவற்றையும் கூட்டி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்: 2,35,000.

“அண்ணே, வெறும் வண்டியே அஞ்சு லட்சம் போகும். இதையும் சேத்தா ஏழு முப்பத்தஞ்சு. பத்தாயிரம் நானே குறைச்சு ஏழேகால்னு வச்சிருக்கேன்” என்றான்.

2016 மாடல் ஸ்விஃப்ட் வி.டி.ஐ., டி.என். 75 பதிவு, ஒரே ஓனர். பையனுக்கு ஊர் தேங்காய்ப்பட்டணம் பக்கம். இது நடந்தது 2022-இல். கத்தாரில் வேலைக்கு விசா வந்துவிட்டது, நாற்பது நாளில் கிளம்ப வேண்டும். அதற்குள் வண்டியை விற்று, ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனை அடைக்க வேண்டும்.

மார்த்தாண்டம் பக்கத்தில் பழைய கார் வாங்கி விற்கிற ஒரு யார்டில் வண்டி பார்த்து மதிப்புப் போடுவது என் வேலை. அதற்கு முன்பு பத்து வருஷம் ஒர்க்ஷாப்பில் இருந்தேன். இந்த மாதிரி ஃபைலோடு வருகிறவர்களிடம் பேசுவதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி. வண்டியில் அடிபட்ட இடத்தைக் காட்டி ஐயாயிரம் குறைப்பது சுலபம், யாரும் வருத்தப்படுவதில்லை. ஆசையாகச் செய்த ஒன்றுக்கு விலை கிடையாது என்று சொல்லும்போது ஆளே வாடிப்போகிறார்கள்.

முன்பெல்லாம் நானும் பில் பார்த்து மயங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஹோண்டா சிட்டி வந்தது. நாகர்கோவில்காரர் வண்டி, டி.என். 74. நல்ல ரசனையோடு செய்த வேலை, ஒரு ஒயர்கூட வெளியே தெரியாது. நான் ஒர்க்ஷாப்பிலிருந்து வந்தவன் இல்லையா, அந்தக் கைவேலைக்கு எண்பதாயிரம் கூட்டிப் போட்டு யார்டுக்கு எடுக்க வைத்தேன். ஏழு மாதம் நின்றது. ஜூன் மழையும் போய் ஐப்பசி மழையும் வந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள். வாங்க வந்தவர்கள் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “இது நம்ம வீட்டு இறக்கத்துல தட்டுமே” என்று போய்விட்டார்கள். கடைசியில் போட்ட காசுக்கும் கீழே போனது. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது.

அந்த ஏழு மாதத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். செலவு செய்தவருடைய கணக்கும் வாங்க வருகிறவருடைய கணக்கும் வேறு வேறு இடத்தில் தொடங்குகின்றன. வாங்குகிறவர் கையில் ஐந்து லட்சம் இருந்தால், அந்த ஐந்து லட்சத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்று பார்ப்பார். ஏழேகால் என்றால் அந்தக் காசுக்கு இன்னும் புதிய மாடல், இன்னும் குறைவாக ஓடிய வண்டி கிடைக்கும். நம் வண்டி போட்டியிட வேண்டியது அதோடு. இன்னொன்றும் உண்டு, இதை நிறைய பேர் யோசிப்பதே இல்லை. பழைய கார் வாங்குகிறவர்களில் பலர் லோன் போட்டு வாங்குகிறவர்கள். லோன் கொடுக்கிற இடத்தில் மதிப்புப் போடுகிறவர் மாடல், வருஷம், வேரியன்ட், கிலோமீட்டர், கண்டிஷன் பார்ப்பார். அலாய்க்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் அவருடைய தாளில் இடம் கிடையாது. ஆகவே மேலே இருக்கிற இரண்டு லட்சத்தையும் வாங்குகிறவர் முழுக்கக் கையிலிருந்து போட வேண்டும். அவ்வளவு ரொக்கம் வைத்திருக்கிறவர் தனக்குப் பிடித்த மாதிரி தானே செய்துகொள்வார், இன்னொருத்தர் ரசனையை வாங்க மாட்டார்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. முதலில் வண்டியைப் பார்க்கலாம் தம்பி என்றேன்.

பானெட்டைத் திறந்து ஓரத்து சீலன்ட் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன், கம்பெனியில் போட்டது அப்படியே இருந்தது. ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. முன்பக்கம் அடிபட்டுப் பிரித்த வண்டி இல்லை என்று அர்த்தம். கடற்கரை வண்டி என்பதால் மிதியடியைத் தூக்கி, சீட் போல்ட்டைப் பார்த்து, ஜாக்கி வைக்கும் இடத்தைக் கீழே படுத்துப் பார்த்தேன். உப்புக்காற்று முதலில் கை வைப்பது அங்கேதான். லேசான துரு, பயப்பட ஒன்றுமில்லை. பின் சக்கர வளைவின் உள்விளிம்பில் டயர் உரசி பெயின்ட் போயிருந்தது, அகலமான டயரும் தாழ்ந்த ஸ்பிரிங்கும் சேர்ந்த வேலை. ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டால் இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி விரலில் ஒட்டியது. கம்பெனி ஒயரை வெட்டி இணைத்திருந்தார்கள். பில்லில் 20,000 என்று இருப்பது என் தாளில் கழித்தலாக எழுத வேண்டிய விஷயம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு கொண்டுவந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்று சேர்த்தார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது கூடுதலாகவே பொருந்தும். களியக்காவிளை தாண்டினால் கேரளம். மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் எல்லாமே திருவனந்தபுரம். அங்கே மோட்டார் வாகனத் துறை மாற்றம் செய்த வண்டி என்றால் நிறுத்திப் பார்க்கும். குடும்பத்தோடு போகிறவர் சைலன்சர் சத்தத்துக்காக ரோட்டோரம் நிற்க விரும்புவாரா? அந்தப் பயமும் விலையில் கழிகிறது. இன்ஷூரன்ஸும் அப்படித்தான். பாலிசியில் தெரிவிக்காத மாற்றம் என்றால் கிளெய்ம் நேரத்தில் பிரச்சினை வரும்.

பார்த்து முடித்து, டீ வாங்கிக் கொடுத்து, தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். இதே வருஷம், இதே வேரியன்ட், ஏறக்குறைய இதே கிலோமீட்டரில் அந்த மாதம் எனக்குத் தெரிந்து கைமாறிய நான்கு வண்டிகள். விளம்பரத்தில் கேட்டது ஐந்தே கால் முதல் ஐந்தரை வரை. கைமாறியது ஐந்தை ஒட்டி. இந்த இரண்டாவது தொகைதான் முக்கியம். கேட்கிற விலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், பணம் எண்ணின விலையைத் தெரிந்துகொள்ள நாலு புரோக்கர், நாலு ஒர்க்ஷாப்காரரிடம் பேச வேண்டும்.

“அப்ப இப்படியே யார்டுக்குக் கொடுத்தா எவ்வளவு கிடைக்கும்ணே?”

“நாலு முப்பத்தஞ்சு.”

ஃபைலை மூடினான். கொஞ்ச நேரம் பேசவில்லை. “நீங்களும் வண்டிய ரசிச்சுதானே பாத்தீங்க?” என்று கேட்டான். ரசித்துத்தான் பார்த்தேன். அந்த ரசனைக்கும் ரொக்கத்துக்கும் நடுவில் நிற்பது எனக்கு இன்றைக்கும் பழகவில்லை.

யார்டுக்கு ஒரு வண்டி வந்தால் எனக்கு நல்லது. ஆனாலும் அன்றைக்கு மனசு கேட்கவில்லை. கழற்றிய கம்பெனி சாமான்கள் இருக்கிறதா என்று கேட்டேன். எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னான். எதற்கும் ஒரு தடவை தேடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவன் அம்மா, “நான் ஒண்ணையும் களையல்ல மக்களே. மச்சுல சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன்” என்றார்கள்.

ஏணி வைத்து ஏறினோம். தேங்காய் நெற்றுகளுக்குப் பின்னால் நாலு ஸ்டீல் வீல், டயரோடு. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் முன்வலது, முன்இடது என்று எழுதியிருந்தது அப்படியே இருந்தது. பழைய ஸ்பிரிங் நாலும் கயிற்றில் கட்டி, சைலன்சர் சுவரோரம், வீல் கேப் நாலும் ஒரு பிளாஸ்டிக் கவரில். ஹெட்லைட் மட்டும் இல்லை. எனக்கு இருந்த சந்தோஷம் சொல்ல முடியாது. விற்கிறவருக்கு அந்த மச்சிலிருந்து இறங்கியது நல்ல காசு.

வண்டியைப் பழையபடி ஆக்கி விற்பது, கழற்றியதைத் தனித்தனியாக விற்பது என்று முடிவு செய்தோம். ஒரு நல்ல அலாய் செட் தேடுகிற பையனுக்கு வண்டி தேவையில்லை, வண்டி தேடுகிற குடும்பத்துக்கு அலாய் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கும்போதுதான் இரண்டு பேரும் போய்விடுகிறார்கள். அலாயும் டயரும் திருநெல்வேலிப் பையன் ஒருவன் 38,000-க்கு எடுத்தான். மியூசிக் சிஸ்டம் 22,000. ஸ்பிரிங் 6,000. சைலன்சர் 5,000. ஹெட்லைட்டுக்கு யாரும் வரவில்லை. சீட் கவர் வண்டியிலேயே இருக்கட்டும் என்று விட்டோம். ஆக 71,000. பழைய ஹெட்லைட் ஒரு ஜோடி வாங்கி, ஒயரிங் சரி செய்து, ஸ்பிரிங் மாட்டி, அலைன்மென்ட் பார்த்து, ரீமேப்பை எடுத்துக் கம்பெனி புரோகிராமையே திரும்ப ஏற்றியதற்குச் செலவு 14,000.

கேட்கிற விலையாக 5,25,000 வைக்கச் சொன்னேன். அவன் ஐந்தே முக்கால் வைக்கலாம், பேரத்தில் இறங்கலாம் என்றான். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஐந்து லட்சம் கையில் வைத்திருக்கிறவர் ஐந்தே காலைப் பார்த்தால் போன் எடுப்பார், ஐந்தே முக்காலைப் பார்த்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அவர் பேரம் பேசவே வர மாட்டார். இரண்டு மாதம் கழித்து நாம் விலையை இறக்கும்போது அதே ஆள், “இவ்வளவு நாள் நிக்குதுன்னா என்னமோ இருக்கு” என்பார். இவனுக்கு மிச்சம் இருந்ததோ முப்பத்திரண்டு நாள். இரண்டு மூன்று சதவீதம், போனால் ஐந்து சதவீதம் இறங்குவதற்கு இடம் விட்டால் போதும்.

எல்லா மாற்றமும் வீண் என்று நான் சொல்லவில்லை. நல்ல டயர், ரிவர்ஸ் கேமரா, அடியில் துருவுக்கு எதிரான கோட்டிங், இதெல்லாம் இருக்கிற வண்டி விலையில் பெரிதாக ஏறாது, ஆனால் சீக்கிரம் போய்விடும். மலையோரத்தில், குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போகிற ஜீப் என்றால் அங்கே பிடிமானம் உள்ள டயருக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. வாங்குகிறவர் எப்படியும் செய்யப்போகிற செலவை நாம் முன்னாலேயே செய்திருந்தால் அதற்குக் காசு தருவார்.

பன்னிரண்டாம் நாள் திருவட்டாறு பக்கமிருந்து ஒரு ஆசிரியையும் அவர் கணவரும் வந்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. அப்போதுதான் ரீமேப் பற்றிப் பேச்சு வந்தது. வண்டியில் இப்போது அதற்கு ஒரு தடயமும் இல்லை. பையன் என்னைப் பார்த்தான். சொல்லு தம்பி என்றேன். இரண்டு வருஷம் அப்படி ஓடிய இன்ஜின், கிளட்சும் டர்போவும் கூடுதலாக உழைத்திருக்கும். வாங்குகிறவர் அதைத் தெரிந்துதான் காசு எண்ண வேண்டும். சொன்னான். கணவர் முகம் மாறியது. நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டி வாருங்கள் என்றேன். மறுநாள் ஒரு வயதான மெக்கானிக் வந்து, ஆற்றூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுத்துப் பார்த்து, டர்போ பைப்பைக் கழற்றி எண்ணெய் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து, கிளட்ச் ஒரு வருஷம் தாங்கும் என்றார். ஐந்து லட்சத்தில் நின்ற பேச்சு 4,95,000-இல் முடிந்தது.

4,95,000-உம் 71,000-உம் சேர்ந்தால் 5,66,000. செலவு 14,000 போனால் 5,52,000. யார்டு விலையைவிட 1,17,000 கூடுதல். ஏழேகால் கனவுக்கு எவ்வளவோ கீழேதான். அவன் அந்தக் கணக்கை ஃபைலின் கடைசித் தாளில், பழைய கூட்டலுக்குக் கீழேயே எழுதிக்கொண்டான்.

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து முடிந்தது. பெயர் மாறுகிற வரை பொறுப்பு உன் தலையில்தான், மாறியதும் ஆர்.சி. நகலை வாங்கி வைத்துக்கொள், கத்தார் போனாலும் விசாரித்துக்கொண்டே இரு என்று இரண்டு தடவை சொன்னேன். ஆசிரியையின் கணவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். கம்பெனி சைலன்சர், கம்பெனி சத்தம், சாதாரண டீசல் வண்டிக்கு உள்ள அந்தக் கடகட. கேட் தாண்டி, பாலத்தின் அடியில் திரும்புகிற வரை பையன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றான்.

“வாங்கின அன்னிக்கு இந்த சத்தம்தாண்ணே” என்றான்.