ஏலத் தொகையைச் சுமக்கும் கிளாஸ்

மொபைல் ஆப்களில் விளம்பரம் காட்டும் ஒரு எஸ்டிகேயில் (மற்றவர்கள் தங்கள் ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் இருக்கும் கிளாஸ்களிலேயே, அதாவது நிரல் துண்டுகளிலேயே, சின்னது 'பிட்' (bid, ஏலத்தில் ஒருவர் கேட்கும் விலை). ஏலத்தில் ஜெயித்த விளம்பரத்தின் விவரங்களை சர்வரிடமிருந்து வாங்கி, திரையில் காட்டும் பகுதியிடம் ஒப்படைப்பதுதான் அதன் வேலை. விலை, கரன்சி, விளம்பரத்தின் மார்க்அப் (அதைத் திரையில் வரையும் குறியீடு), அகலம், உயரம், சில யூஆர்எல்கள், அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஒரு டேட்டா கிளாஸுக்கு இவ்வளவு டெஸ்டா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. பணம் சம்பந்தப்பட்ட புகார் எது வந்தாலும் நான் முதலில் திறக்கும் ஃபைல் இதுதான் என்பது அவர்களுக்குப் போகப் போகத்தான் புரியும்.

விஷயம் இதுதான். பயனர் ஆப்பைத் திறந்ததும் அந்தத் திரையில் இருக்கும் விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. கேட்பதும் பதில் சொல்வதும் பெரும்பாலும் ஐஏபி டெக் லேப் என்ற விளம்பரத் துறை அமைப்பு பராமரிக்கும் ஓபன்ஆர்டிபி என்ற பொது வடிவத்தில். எத்தனை மில்லிசெகண்டுக்குள் பதில் வேண்டும் என்பதும் கோரிக்கையிலேயே இருக்கும். விளம்பரம் தருகிறவர்கள் யாருக்கும் விருப்பம் இல்லையென்றால் வழக்கமாக 204 என்ற வெறும் பதில் வரும். யாராவது விலை கேட்டிருந்தால் ஒரு ஜேசன் (எழுத்து வடிவத் தரவு) வரும். அதில் இருக்கும் விலை 1000 காட்சிகளுக்கான விலை, அதாவது சிபிஎம். விற்பதோ ஒரே ஒரு காட்சி. இந்த ஆயிரத்தால் வகுக்கும் இடத்தில்தான் கதை ஆரம்பம்.

எனக்குக் கைக்கு வந்த கிளாஸில் விலை 'டபுள்' என்ற தசம எண் வகையில் இருந்தது. ஓபன்ஆர்டிபி விவரக்குறிப்பே, வகை ஃப்ளோட் (இதுவும் தசம எண்தான்) என்று போட்டிருந்தாலும் பணத்தை முழு எண் கணக்காகக் கையாளுங்கள் என்று ஜாவாவின் பிக்டெசிமலைப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறது. யார் படிக்கிறார்கள்! 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. அதனால் எங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. நஷ்டம் வந்தது விலையை எழுத்தாக மாற்றிய இடத்தில். 0.45 டாலர் சிபிஎம்மை 1000-ஆல் வகுத்தால் ஒரு காட்சிக்கு 0.00045 டாலர். ஜாவாவில் 0.001-க்குக் கீழே உள்ள டபுளை ஸ்ட்ரிங் ஆக்கினால் அது அடுக்கு வடிவத்துக்குத் தாவிவிடும்: 4.5, அப்புறம் ஒரு 'இ', அப்புறம் மைனஸ் 4. இதை எண் என்று ஏற்றுக்கொள்ளாத ரிப்போர்ட் ஜாப் அந்த வரியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டது. அதாவது 1 டாலருக்குக் குறைவான சிபிஎம் உள்ள விளம்பரங்கள் மட்டும் வருமானக் கணக்கில் காணோம். விலை கூடிய விளம்பரங்கள் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் டாஷ்போர்டில் சராசரி சிபிஎம் உயர்ந்திருந்தது. அதைப் பார்த்து சிலர் சந்தோஷப்படவும் செய்தார்கள்.

இப்போது விலை 'லாங்' என்ற முழு எண் வகையில், மைக்ரோ கணக்கில் இருக்கிறது. 1 டாலர் என்றால் 10 லட்சம் மைக்ரோ. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாபும் ஒரு காட்சியின் வருமானத்தை ஆப்புக்கு மைக்ரோவில்தான் சொல்கிறது. 0.45 டாலர் சிபிஎம், காட்சிக்கு 450 மைக்ரோ. பார்க்கவும் பேசவும் சுலபம்.

அடுத்தது மொழி. ப்ரீபிட் முறையில் (விளம்பர சர்வரைக் கேட்கும் முன்பே ஏலம் நடத்துவது) விலையை அப்படியே விளம்பர சர்வருக்கு அனுப்ப மாட்டோம். 0.10 டாலர் படிகளாகக் குறைத்து, '0.40' என்பது போல ஒரு கீவேர்டாகக் கொடுப்போம். அங்கே அந்த விலைப் படிக்கென்று தயாராக இருக்கும் லைன் ஐட்டம் என்ற பதிவோடு அது எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். லோக்கேல் (மொழி, நாட்டு அமைப்பு) குறிப்பிடாமல் ஸ்ட்ரிங் ஃபார்மட் எழுதினால், ஜெர்மன் மொழியில் வைத்திருக்கும் போனில் அது '0,40' என்று புள்ளிக்குப் பதில் கமாவோடு வரும். சில அரபு லோக்கேல்களில் இலக்கங்களே மாறிவிடும். கிராஷ் இல்லை, எரர் இல்லை, லாகில்கூட ஒன்றும் இருக்காது. ஏலத்தில் ஜெயித்த விளம்பரம் காட்டப்படாமல் போகும், அவ்வளவுதான். அலுவலகத்து டெஸ்ட் போன்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருக்கும்போது இது யார் கண்ணில் படும்? இதனால்தான் விலையை எழுத்தாக்கும் வேலையை பிட் கிளாஸுக்கு வெளியே யாரும் செய்யக் கூடாது என்று ரிவ்யூவில் கறாராக இருக்கிறேன்.

நேரமும் இப்படித்தான். ஏலம் முடிந்து எத்தனை செகண்டுக்குள் விளம்பரத்தைக் காட்ட வேண்டும் என்று ஏலம் கேட்டவர் குறிப்பிடலாம். அதைச் சுவர்க் கடிகார நேரத்தோடு ஒப்பிட்டால், கேமில் இலவச உயிர் கிடைப்பதற்காகப் போனின் தேதியை முன்னால் தள்ளிவைக்கும் ஆட்கள் நம் கணக்கையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். ஆண்ட்ராய்டில் போன் பூட் ஆனதிலிருந்து, அது தூங்கும் நேரத்தையும் சேர்த்து எண்ணும் இலாப்ஸ்ட் ரியல்டைம்தான் இதற்குச் சரி. அப்டைம் வேண்டாம், அது போன் ஆழ்ந்து தூங்கும்போது நின்றுவிடும்.

ஆண்ட்ராய்டு ஆப்பைச் சுருக்கும் கருவியான ஆர்8 விஷயத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. ரிலீஸ் பில்டில் ஃபீல்டு பெயர்களை அது சுருக்கிவிட, ஜேசனைப் படித்து கிளாஸை நிரப்பும் ஜிசானுக்கு எதுவும் பொருந்தாமல் எல்லாம் நல் (வெற்று மதிப்பு) ஆகிவிடும். ஃபீல்டுகளுக்குப் பெயரை அனோடேஷனில் எழுதிவிட்டு, சுருக்காமல் விட்டுவைக்கச் சொல்லும் கீப் விதிகளை எஸ்டிகேயோடு சேர்த்தே அனுப்பினால் முடிந்தது.

உண்மையான வாக்குவாதம் பில்லிங் யூஆர்எல்லில்தான். ஜெயித்ததற்கு ஒரு அறிவிப்பு, கட்டணம் விழுவதற்கு இன்னொன்று என்பதை ஓபன்ஆர்டிபி 2.5 பிரித்து வைத்தது. மொபைலில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிமிடக்கணக்கில் இடைவெளி இருக்கும், காரணம் இன்டர்ஸ்டிஷியலை (முழுத்திரை விளம்பரம்) முன்கூட்டியே எடுத்து வைத்திருப்போம். போனைத் திருப்பினால் ஆக்டிவிட்டி (ஆப்பின் திரை) மறுபடி உருவாகும், கவனிக்காவிட்டால் கட்டண அறிவிப்பு இரண்டு முறை போகும். 'அனுப்பியாச்சு' என்று ஒரு கொடியை பிட்டிலேயே வைக்கலாம் என்றார் லீட். "அப்புறம் யாராவது அதை காப்பி எடுத்தா கொடியும் ரெண்டாயிடுமே, சார்" என்றேன். பிட் மாறவே கூடாது, அனுப்பிய கணக்கை பிட்டின் ஐடியை வைத்து வேறொரு டிராக்கர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. அதுவே நிலைத்தது.

போன வாரம் கரன்சி. பதிலில் கரன்சி இல்லையென்றால் டாலர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அது விதி. இருந்து, அது யூரோவாகவும் பக்கத்து பிட் டாலராகவும் இருந்தால் ஒப்பிடும் ஃபங்ஷன் என்ன செய்வது? எக்ஸெப்ஷன் வீசலாம் என்றால், வேறொருவருடைய ஆப்பை நாம் கிராஷ் ஆக்கக் கூடாது. போனிலேயே மாற்று விகிதம் வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை, அந்த எண் பழசாகிவிடும். மாற்றுவதானால் சர்வரிலேயே மாற்றி அனுப்பட்டும், கலந்து வந்தால் கோரிக்கையில் கேட்காத கரன்சியில் இருக்கும் பிட்டைப் போட்டியிலிருந்து விலக்கி, அதற்கு லாஸ் நோட்டீஸ் (தோற்றதற்கான அறிவிப்பு) அனுப்பிவிடுவோம் என்று பேசி முடித்தோம். அதற்கான டெஸ்டுகளைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.