கண் ஓபியிலிருந்து கொரோனா வார்டுக்கு

மே 11, 2021, செவ்வாய்

நேற்று ஊரடங்கு தொடங்கியது, இன்று டியூட்டி பட்டியல் வந்துவிட்டது. கண், தோல், எலும்பு, காது மூக்கு தொண்டை என்று எல்லாத் துறை மருத்துவர்களுக்கும் கொரோனா வார்டு. குடமுருட்டி, அரசலாறு கரைக் கிராமங்களிலிருந்து காய்ச்சலோடும் மூச்சிரைப்போடும் வந்துகொண்டே இருக்கிறார்கள். பொது மருத்துவப் பிரிவில் இருக்கும் சிலர் மட்டும் எத்தனை இரவுகள் விழித்திருக்க முடியும்? போகத்தான் வேண்டும்.

கண்புரை ஆபரேஷன்கள் நிறுத்தம். கண்ணில் அடிபட்டவர்களையும் திடீரென்று பார்வை போனவர்களையும் மட்டும் பார்க்கலாம். தேதி கொடுத்திருந்தவர்களுக்கு நானே போன் செய்தேன். "அவசரமில்லம்மா, நீங்க பத்திரமா இருங்க" என்றார் ஒரு பாட்டி. அவருக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. அந்தக் கண்ணிலும் புரை முற்றிக்கொண்டிருக்கிறது.

மே 13

"எந்தத் துறையானாலும் டாக்டர்தானே" என்று வெளியில் சொல்கிறார்கள். எம்பிபிஎஸ் எல்லோரும் படித்ததுதான். ஆனால் பல வருடங்களாக மைக்ராஸ்கோப் வழியாகக் கண்ணை மட்டும் பார்த்த ஒருவரைத் திடீரென்று மூச்சுத்திணறும் வார்டில் விட்டால், அவருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்களுக்கு ஒரு பொது மருத்துவர் கட்டில் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தார். பை வைத்த மாஸ்க்கைப் போடும் முன் பை நன்றாக உப்பியிருக்க வேண்டும். மூச்சிழுக்கும்போது அது முழுக்கச் சுருங்கினால் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். இரவில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு போன் நம்பரும் கொடுத்தார். எல்லாவற்றையும்விட அந்த நம்பர்தான் எனக்குத் தைரியம் தந்தது.

மீதியைக் கற்றுத்தருவது சீனியர் சிஸ்டர். பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் போகும் நோயாளிக்கு அது எட்டு மணி நேரம்கூட வராது. இரவு பத்து மணிக்கு மாற்றினால் விடியும் முன் அடுத்தது தயாராக நிற்க வேண்டும். இந்தக் கணக்கை அவர் மனதிலேயே வைத்திருக்கிறார், ஒவ்வொரு கட்டிலுக்கும்.

மே 17

ஒரு விவசாயி, எழுபதைத் தாண்டியவர், குப்புறப் படுக்க மாட்டேன் என்றார். குப்புறப் படுத்தால் நுரையீரலின் முதுகுப்பக்கம் நன்றாக விரியும், ஆக்சிஜன் ஏறும் என்று விளக்கினேன். கேட்கவில்லை. தோல் மருத்துவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து குறுவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இந்த வருஷம் மேட்டூர் எப்போது திறக்கும், நாற்றங்காலுக்குப் பம்புசெட் தண்ணீர் போதுமா என்று பேச்சு நீண்டது. பேச்சோடு பேச்சாகத் தாத்தா திரும்பிப் படுத்தார். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை வைத்தோம். அரை மணி நேரத்தில் சாச்சுரேஷன் 88-லிருந்து 93.

மே 22

நேற்று இரவு டியூட்டி. ஐம்பது வயதுக்காரர் ஒருவர். காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்தே வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்கியதாம். சுகர் 400-க்கு மேல்.

ஆக்சிஜன் தேவைப்படுபவர்களுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. கடந்த ஜூனில் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் காட்டியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதில் பலன் தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அந்த இரண்டாவது பாதி ஊருக்குள் போய்ச் சேரவே இல்லை.

கேஸ் ஷீட் எழுதும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். இடது இமை லேசாகச் சரிந்திருந்தது. என் விரலைப் பார்க்கச் சொன்னேன். அந்தக் கண் வெளிப்பக்கம் போகவில்லை. கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார். அடுத்த வார்டில் டியூட்டியில் இருந்த காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் மூக்குக்குள் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். உள்ளே கருத்திருந்தது. கருப்புப் பூஞ்சை. சுகர் ஏறியவர்களையும் ஸ்டீராய்டு வாங்குபவர்களையும் தாக்கும் தொற்று. ஸ்வாப் எடுத்து, இன்சுலின் ஆரம்பித்து, விடியும் முன்பே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். ஆம்போடெரிசின் மருந்தும் ஆபரேஷனும் தாமதிக்கக் கூடாது. மூளைக்குப் பரவிவிட்டால் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம்.

தமிழ்நாடு அரசு இதை, கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இந்த வாரம்தான் சேர்த்திருக்கிறது. இனி வார்டில் ஸ்டீராய்டு வாங்கும் ஒவ்வொருவரின் கண்ணையும் ரவுண்ட்ஸில் ஒருமுறை பார்க்கப்போகிறேன். சிஸ்டர்களுக்கும் சொல்லிவிட்டேன்: இமை சரிவு, இரட்டைப் பார்வை, முகவலி, எது இருந்தாலும் உடனே கூப்பிடுங்கள்.

மே 29

தாத்தா டிஸ்சார்ஜ். தஞ்சாவூர் போனவருக்கு ஆபரேஷன் முடிந்தது, இடது கண்ணில் பார்வை இல்லை. உயிரோடு இருக்கிறார்.

ஜூன் 8

போனில் "அவசரமில்லம்மா" என்ற பாட்டி வந்தார். கண் சிவந்து, கல் மாதிரி இறுகி, தாங்க முடியாத வலி, வாந்தி. முற்றிய புரை உப்பி உள்ளே அழுத்தத்தை ஏற்றிவிட்டது. நாலு நாளாக இப்படித்தானாம், பஸ் இல்லாததால் வரமுடியவில்லை. முதலில் அழுத்தத்தை மருந்தால் குறைத்தோம். நாளை காலை ஆபரேஷன். பார்வை எவ்வளவு திரும்பும் என்பது நரம்பு எவ்வளவு தாங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கொரோனா எண்ணிக்கையில் இவர் வரமாட்டார். ஆனால் இதுவும் அந்த நோய் பறித்ததுதான். கோபமாக வருகிறது.

ஜூன் 12, சனி

இன்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். வார்டில் எல்லோர் போனிலும் அந்தச் செய்திதான்.

பாட்டிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. பக்கத்தில் வந்தால் விரல்களை எண்ணுகிறார். முன்பு பேரன் முகம் தெரிந்த கண் அது.

சீஃபிடம் இரண்டு விஷயம் கேட்டேன். இனி எந்த அலை வந்தாலும், ஒரே கண்ணில் பார்வை உள்ளவர்களுக்கும் புரை முற்றியவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். அப்புறம், எல்லாத் துறையினரும் வருடத்தில் சில நாட்களாவது பொது மருத்துவ வார்டில் வேலை பார்க்க வேண்டும். பட்டியல் வந்த பிறகு ஓடிப்போய்க் கற்றுக்கொள்வது நோயாளிக்கு நியாயமில்லை. இரண்டாவதை மேலே எழுதிப் பார்ப்போம் என்றார். முதலாவதற்கு உடனே சரி சொல்லிவிட்டார். வரும் புதன்கிழமை தியேட்டர். இப்போது அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி போன் போட ஆரம்பித்திருக்கிறேன்.